கும்பகோணம் பழைய கடைவீதி: மனுவில் எதை முதலில் கேட்பது?

பாத்திரக்கடை (கும்பகோணம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பேஸ்வரர் கோயிலை ஒட்டிய கடைவீதியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பித்தளை, வெண்கலப் பாத்திரக் கடை நடத்தி வருகிறது. எங்கள் வீதியிலும் பக்கத்து வீதிகளிலும் உள்ள சிறு கடைக்காரர்கள் ஒன்றுகூடி, மாநகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு மனு அளிப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். மனு கொடுப்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதில் எதைக் கேட்பது என்பதில்தான் கூட்டம் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. நடைபாதைக் கடைகளை அப்புறப்படுத்தினாலே பாதி வியாபாரம் திரும்பிவிடும் என்பது மூத்தவர்கள் பலரின் கருத்து. நகைக்கடை, ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடம் வேண்டும் என்கிறார்கள். அண்மையில்தான் கல்லாவில் உட்காரத் தொடங்கிய இளைஞர்களோ, சென்னைப் பாண்டி பஜாரைப் போல வீதி முழுவதும் கல் பாவி, விளக்கும் இருக்கைகளும் போட்டு, வண்டிகளைக் குறைக்க வேண்டும் என்கிறார்கள்.

வியாபாரம் ஏன் குறைந்தது என்பதை நான் பார்த்த அளவில் சொல்கிறேன். முன்பெல்லாம் சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் பாத்திரம் வாங்குவதற்கென்றே வந்ததில்லை. காய்கறிக்கோ, மருத்துவரிடமோ, நீதிமன்றத்துக்கோ, கோயிலுக்கோ காலைப் பேருந்தில் வந்தவர்கள், திரும்பும் வழியில் எங்கள் கடையிலும் ஏறினார்கள். காய்கறி மொத்த வியாபாரம் தாராசுரத்துக்குப் போய்விட்டது. புறவழியில் கார் நிறுத்த இடத்தோடு பெரிய கடைகள் வந்துவிட்டன. மிச்சத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டது. இன்னும் எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் கல்யாணச் சீர் வாங்க வருபவர்கள்தாம். வீட்டில் கிடக்கும் பழைய அண்டாவையும் தவலையையும் எடைக்குப் போட்டுப் புதியதை எடைக்கு வாங்கலாம். வாங்கிய குடத்தில் பெண்ணின் பெயரைப் பொறித்துக்கொள்ளலாம். எங்கள் கடைத் திண்ணையில் ஒரு பெரியவர் குடத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, சிறு உளியையும் சுத்தியலையும் கொண்டு எழுத்து எழுத்தாகப் புள்ளி வைத்துப் பெயர் வெட்டித் தருவார். அவர் வெட்டி முடிக்கும் வரை காத்திருக்கும் குடும்பம் பக்கத்துக் கடையில் மஞ்சள் குங்குமமும், எதிர்க்கடையில் ஜாக்கெட் துணியும் வாங்கிவிடும். இந்தக் காத்திருப்புதான் வீதியின் வியாபாரம் என்று எனக்குச் சில நேரம் தோன்றுவதுண்டு.

வெளியூர்க் கூட்டம் ஊருக்கு வராமல் இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய நவக்கிரகச் சிறப்புப் பேருந்து சனி, ஞாயிறுகளில் காலையில் இங்கிருந்து புறப்பட்டு, இரவுதான் திரும்புகிறது. அதில் வரும் பக்தர்கள் எங்கள் ஊரில் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள்; கடைவீதியைப் பார்க்காமலேயே ஊர் திரும்புகிறார்கள். திருச்சி நெடுஞ்சாலை நெடுகக் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று பலகை மாட்டி, பித்தளை டபராவில் காபி கொடுக்கிறார்கள். அந்த டபராவை வாங்க ஒருவரும் கும்பகோணத்துக்கு வருவதில்லை என்பதை வருத்தத்தோடு சொல்லிவைக்கிறேன்.

2021-இல் ஊர் மாநகராட்சியாகிவிட்டது. அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அதற்கு முன் சாலைகளைத் தோண்டுவார்கள் என்பதை 2016 மகாமகத்தைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனுவில் எதை முதலில் வைப்பது, அரசை எதிர்பார்க்காமல் நாங்களே செய்துகொள்ளக்கூடியது என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


வழக்குரைஞர் (தஞ்சாவூர்) எழுதியது:

ஐயா, மூன்று கோரிக்கைகளில் முதலாவதை மனுவிலிருந்து நீக்கிவிடுங்கள் என்பதே என் அறிவுரை. சட்டப்படி அது நிற்காது. வியாபாரக் கணக்கிலும் அது உங்களுக்கே பாதகமாக முடியலாம்.

2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி, ஊரில் உள்ள தெரு வியாபாரிகள் அனைவரையும் கணக்கெடுத்து அவர்களுக்கு விற்பனைச் சான்று வழங்கி முடிக்கும் வரை, ஒருவரையும் இருக்கும் இடத்திலிருந்து அகற்ற முடியாது. அதன் பிறகு இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இவற்றை முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டு உறுப்பினர்கள் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் விட உங்கள் ஊருக்கு நெருக்கமான விதி ஒன்று அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 50 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரு வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும் என்றும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்றும் அது சொல்கிறது. கோயில் வாசலில் பூவும் வெற்றிலையும் விற்பவர்களில் எத்தனை பேர் தாயிடமிருந்து அந்த இடத்தைப் பெற்றவர்கள் என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

வியாபாரக் கணக்கு என்று சொன்னதற்குக் காரணம், நீங்களே எழுதிய அந்தக் காத்திருப்புதான். பூவுக்கும் கொய்யாப்பழத்துக்கும் நிற்பவர்தாம் உங்கள் கடை வாசலையும் பார்க்கிறார். கடை வாசல் அடைபடுகிறது என்பது நியாயமான குறை. அதற்கு விற்பனை வண்டிகள் நிற்கும் இடத்தைக் கோடு போட்டு வரையறுக்கவும், ஒவ்வொரு கடைக்கும் நுழைவு இடைவெளி விடவும் கேளுங்கள். நகர விற்பனைக் குழு முறையாகக் கூடுகிறதா என்றும் அதே மனுவில் கேட்கலாம். குழு கூடாத ஊரில் சட்டம் புத்தகத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று, வாடகை. உங்களில் எத்தனை பேர் கோயில் இடத்தில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-அ பிரிவின்படி அமைக்கப்படும் குழு சந்தை மதிப்பை ஒட்டி நியாய வாடகை நிர்ணயிக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது மாறும். ஆணை கைக்கு வந்த 30 நாள்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். பல கடைக்காரர்கள் அந்த 30 நாளைச் சங்கக் கூட்டத்திலும் பிரமுகர்களைப் பார்ப்பதிலும் கழித்துவிட்டு, பின்பு நிலுவைத் தொகை மலையாகக் குவிந்தபின் என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். தனியார் கட்டடத்தில் இருப்பவர்கள் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி எழுத்து மூலமான ஒப்பந்தத்தைப் போட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீதி அழகானால் வாடகை ஏறும். ஆகவே வீதியை அழகுபடுத்தக் கேட்பதற்கு முன்பே நீண்ட கால ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொள்வது விவேகம்.


ரொறன்ரோவிலிருந்து எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். ஸ்காபரோவில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். கும்பகோணத்துக்கு ஒரு முறைதான் வந்திருக்கிறேன் என்பதால் உங்கள் வீதியைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை. ஆனால் “நாங்களே செய்துகொள்ளக்கூடியது என்ன” என்ற இரண்டாவது கேள்விக்கு எங்கள் நகரத்தில் ஒரு பழைய விடை இருக்கிறது.

ரொறன்ரோவின் மேற்கே புளோர் வீதியில், இன்று புளோர் வெஸ்ட் வில்லேஜ் என்று அழைக்கப்படும் பகுதி, 1960-களில் ஏறக்குறைய உங்களுடைய நிலையில்தான் இருந்தது. 1964-இல் யோர்க்டேல் என்ற பெரிய அங்காடி வளாகம் திறக்கப்பட்டது. 1968-இல் நிலக்கீழ் தொடருந்து அந்தப் பகுதிக்கு நீட்டிக்கப்பட்டது. அதுவரை ட்ராம் வண்டியில் கடைகளைப் பார்த்துக்கொண்டே போன சனம், ஒரே நாளில் தரைக்குக் கீழே போய்விட்டது. மேலே வீதியும் கடைகளும் இருந்தன, பார்ப்பதற்கு ஆள் இல்லை. வீதியை மேம்படுத்தச் சிலர் பணம் போட, மற்றவர்கள் போடாமலே பலனை மட்டும் அனுபவிப்பார்கள் என்ற சிக்கல் அங்கும் இருந்தது. ஆகவே அந்த வணிகர்கள் மாகாண அரசிடம் கேட்டது மானியத்தை அன்று. தங்கள் மீது தாங்களே ஒரு கூடுதல் வரி விதித்துக்கொள்ளச் சட்ட அனுமதி கேட்டார்கள். 1970-இல் உலகின் முதலாவது வணிக மேம்பாட்டு வட்டாரம் அப்படித்தான் அமைந்தது. எல்லைக்குள் இருக்கும் வணிகச் சொத்துகள் அனைத்தும் அந்தத் தொகையைச் செலுத்த வேண்டும். மாநகரசபை அதைச் சொத்து வரியோடு சேர்த்து அறவிட்டு, வட்டாரத்தின் சபையிடமே திருப்பிக் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் விளக்கு, இருக்கை, பூத்தொட்டி, துப்புரவு, திருவிழா ஆகியவற்றைச் செய்கிறார்கள். இன்று ரொறன்ரோவில் மட்டும் இப்படிப்பட்ட வட்டாரங்கள் 80-க்கு மேல் உள்ளன.

குறையையும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் வணிக வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. வட்டாரம் செழித்தால் கட்டட உரிமையாளருக்குத்தான் முதல் இலாபம். கூடுதல் வரியையும் அவர் வாடகையோடு சேர்த்துக் கடைக்காரரிடம் வாங்கிவிடுவார். வீதியைத் தூக்கி நிறுத்திய சிறு கடைக்காரரே அந்த வீதியில் நிற்க முடியாமல் போன கதைகளும் இங்கு உண்டு. வழக்குரைஞர் ஐயா ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னதை வாசித்தபோது, இங்கும் அதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.


பாத்திரக்கடை (கும்பகோணம்) எழுதியது:

இருவருக்கும் நன்றி. ரொறன்ரோ அன்பரே, ஆள் தரைக்குக் கீழே போனதைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் தாராசுரம் மார்க்கெட்டைத்தான் பேசினார்கள். ஆனால் கூடுதல் வரி என்றதும் கூட்டம் எழுந்துவிட்டது. எங்கள் வீதியில் கட்டட உரிமையாளர்களில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள்; வாடகை வங்கிக்கு வந்துவிடுவதால் வீதியின் நிலை அவர்களைத் தொடுவதில்லை. கணிசமான கடைகள் கோயில் இடத்தில் இருக்கின்றன. இதற்கு மேல் சங்கச் சந்தா ஏற்கெனவே உண்டு. அது மே 5 வணிகர் தின மாநாட்டுக்கும் உறுப்பினர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் சரியாகப் போய்விடுகிறது. வரி என்று சொல்லாமல், ஒரு சில வேலைகளுக்கு மட்டும் மாதத் தொகை வசூலிக்க முடியுமா என்று பார்க்கிறோம்.

நடைபாதைக் கடைகளைப் பற்றிய கோரிக்கையை மாற்றி எழுத ஒப்புக்கொண்டார்கள். மூத்தவர்களுக்கு மனமில்லை; ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள்.


நெடுவீதி (மதுரை) எழுதியது:

நான் கட்டுமான ஒப்பந்தப் பணிகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கல் பாவுவது, வாகன நிறுத்துமிடம் ஆகிய மற்ற இரண்டு கோரிக்கைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பொலிவுறு நகரத் திட்டத்தில் பெரியார் பேருந்து நிலையத்தை 2019 தொடக்கத்தில் மூடினார்கள். திறந்தபோது 2021 முடியும் தறுவாய். இடையில் கொரோனாவும் வந்தது என்றாலும், பேருந்து நிலையத்தை நம்பியிருந்த டீக்கடைக்காரருக்கும் பழக்கடைக்காரருக்கும் காரணம் எதுவாயினும் அந்த ஆண்டுகள் போனவைதான். அழகான வீதி கிடைக்கும் நாளில் அதில் கடை வைத்திருக்க வேண்டியவர் இல்லாமல் போய்விட்டால் யாருக்காகக் கட்டினோம் என்ற கேள்வி எழும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது திட்டத்தைவிடப் பணி அட்டவணையை. வீதியின் ஒரு பக்கத்தை முடித்துத் திறந்த பின்பே மறுபக்கத்தைத் தோண்ட வேண்டும். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்வடம் மூன்றும் ஒரே தோண்டலில் முடிய வேண்டும். கல் பாவிய மூன்றாம் மாதத்தில் குடிநீர்க் குழாய்க்கென்று அதே கல்லைப் பெயர்ப்பதை நான் பணியிலிருந்த காலத்தில் பலமுறை பார்த்தேன். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களிலும் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதத்திலும் கடை வாசலில் பள்ளம் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கடைக்கும் இரும்புப் பலகை நடைபாலம் போட்டுத் தருவதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்; பின்னால் கேட்டால் ஒப்பந்தக்காரர் அது மதிப்பீட்டில் இல்லை என்பார், அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். மகாமகத்துக்கென்று வரும் பணிகளில் தேதி நெருங்க நெருங்க இரவு பகலாகத் தோண்டுவார்கள். எனவே இதை இப்போதே எழுத்தில் கொடுங்கள்.

பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அதை எடுத்துக்காட்டாகக் கொள்வதில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. அந்தச் சாலை அகலமானது. பக்கத்திலேயே அடுக்குமாடி வாகன நிறுத்துமிடமும் கட்டப்பட்டது. உங்கள் வீதியில் ஒரு மினி லாரி நின்றால் மறுவண்டி திரும்ப முடியாது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள எங்கள் சித்திரை வீதிகள் உங்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு. அங்கு வாகனங்களைத் தடுத்துக் கல் பாவியிருக்கிறார்கள், பக்தர்கள் நடந்தே வருகிறார்கள். உங்கள் வீதியில் முழுத் தடை போடாமல், காலை 10 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் சரக்கு இறக்க அனுமதித்து, மாலை நேரத்தில் மட்டும் நான்கு சக்கர வண்டிகளை நிறுத்தி ஒரு மாதம் பார்க்கலாம். இதற்குத் தடுப்புகளும் இரண்டு காவலர்களும் போதும். கல்லும் கோடிகளும் பிறகு வரட்டும்.

வாகன நிறுத்துமிடத்தைக் கேளுங்கள், ஆனால் அதை முதலாவதாக வைக்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் காரில் வருபவர் எத்தனை பேர், பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் வருபவர் எத்தனை பேர் என்று ஒரு வாரம் கல்லாவில் குறித்துப் பாருங்கள். கணிசமானோர் பேருந்தில் வருகிறார்கள் என்றால், நகரப் பேருந்து நிறுத்தம் கடைவீதிக்கு அருகில் இருப்பது உங்களுக்கு அடுக்குமாடியைவிடப் பெரிய சொத்து.

இடமாற்றம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். திருச்சி காந்தி மார்க்கெட் நெரிசலைக் குறைக்கக் கள்ளிக்குடியில் புதிய வணிக வளாகம் கட்டி 2017-இல் திறந்தார்கள். கட்டடத்தில் குறையில்லை, வியாபாரிகள் போக மறுத்துவிட்டார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள எங்கள் புதுமண்டபத்தில் தலைமுறைகளாகத் தையல் இயந்திரம் போட்டிருந்தவர்களும், புத்தகமும் பாத்திரமும் விற்றவர்களும், மண்டபத்தைப் பாதுகாப்பதற்காகக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள். மண்டபத்தின் சிற்பங்களுக்கு அது நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோயிலிலிருந்து வெளியே வரும் காலடிக்கு நேராகக் கடை இருப்பது வேறு; தேடிப் போக வேண்டிய கடை வேறு. உங்கள் ஊரில் அடுத்ததாக எந்த அலுவலகத்தை, எந்த நிறுத்தத்தை வெளியே கொண்டுபோகப் பேச்சு நடக்கிறது என்று கேட்டறிந்து, அதை மனுவின் முதல் வரியில் வையுங்கள். உள்ளே இருப்பது வெளியே போகாமல் காப்பது, வெளியே போனதைத் திரும்பக் கொண்டுவருவதைவிட எளிது.


கணக்கர் (திருவாரூர்) எழுதியது:

நான் வரி ஆலோசகர், சுருக்கமாகச் சொல்கிறேன். பாத்திரங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. இதைக் கடை வாசலில் எழுதி வைத்தவர்கள் குறைவு, எழுதி வையுங்கள். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்குள் இருக்கும் கடைகள் இணக்க வரித் (காம்போசிஷன்) திட்டத்தில் சேர்ந்து 1 விழுக்காடு செலுத்தினால் போதும்; வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கவும், கொள்முதல் வரியைக் கழித்துக்கொள்ளவும், வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது என்பது அதன் மறுபக்கம். வாடகை விஷயத்தில் பலரும் கவனிக்காத மாற்றம் ஒன்று உண்டு. கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்து, வாடகைதாரர் பதிவு செய்த வணிகராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வணிக வாடகை மீதான 18 விழுக்காட்டு வரியை வாடகைதாரரே செலுத்த வேண்டும். இணக்க வரித் திட்டத்தில் உள்ளவர்களுக்கு 2025 ஜனவரியில் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சிறு கடைக்கு எது இலாபம் என்பதை இவை அனைத்தையும் வைத்துக் கணக்கிட வேண்டும்.

திண்ணையில் பெயர் வெட்டும் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தெரு வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரோடு சேவை அளிப்பவரையும் தெரு வியாபாரியாகவே கொள்கிறது. அவர் இருக்கும் திண்ணை உங்களுடையது என்பதால் சான்று கிடைப்பதில் கேள்வி எழலாம், பூக்காரர்களுக்கு எழாது. சான்று பெற்றவர்களுக்குப் பிரதமரின் ஸ்வநிதித் திட்டத்தில் முதல் தவணைக் கடன் 15,000 ரூபாயும், அடைத்தபின் 25,000 ரூபாயும், பிறகு 50,000 ரூபாயும் கிடைக்கும். பெரியவருக்குத் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் பொருந்துகிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுப் பாருங்கள். அவர் ஓர் இளைஞரைப் பழக்குவதற்கு அந்த உதவி பயன்படும்.


பாத்திரக்கடை (கும்பகோணம்) எழுதியது:

மதுரை ஐயா சொன்னபடி ஒரு வாரம் குறித்துப் பார்க்கிறோம். மாலை நேரத் தடையை வாரத்தில் சனி, ஞாயிறு மட்டும் கேட்கலாம் என்றும், நவக்கிரகப் பேருந்து திரும்பும் நேரத்தில் கடைகளைத் திறந்து வைக்கலாம் என்றும் இளைஞர்கள் சொல்கிறார்கள். மாதத் தொகையில் முதல் வேலையாக, பேருந்து பயணிகள் தங்கும் விடுதிகளில் கடைவீதியின் வழிப்படம் ஒன்றை வைப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

வழக்குரைஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி. பூக்காரர்கள் 50 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறார்கள் என்பதற்கு ஆவணம் எதுவும் அவர்களிடம் இல்லை. எப்படிக் காட்டுவது?


வழக்குரைஞர் (தஞ்சாவூர்) எழுதியது:

நகராட்சி முன்பு வசூலித்த தரை வாடகைச் சீட்டுகள் யாரிடமாவது இருக்கும். ஒன்றிரண்டு கிடைத்தாலும் போதுமானது. குத்தகை ஏலப் பதிவுகள் பழைய நகராட்சிக் கோப்புகளில் இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஆண்டைக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். பழைய தேர்த் திருவிழா, மகாமகப் புகைப்படங்களில் கோயில் வாசல் தெரிந்தால் அவற்றையும் சேருங்கள். ஊரில் பழைய புகைப்பட நிலையங்களில் கேட்டால் கிடைக்கக்கூடும். எல்லாவற்றையும் விட வலுவானது, அதே வீதியில் நீண்ட காலம் கடை வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்களின் உறுதிமொழிப் பத்திரம். பூக்காரர்களை அகற்றச் சொன்ன மூத்தவர்களே அதில் கையெழுத்திட்டால் அதன் மதிப்பு இன்னும் கூடும்.